மறுசோறு

பொள்ளாச்சிக் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த என் கணவரின் இலையிலிருந்து ஒரு ஒப்புட்டை நான் எடுத்தேன்.

பரிமாறியவர் அதை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகக்கூட இல்லை. நெய் வழியும் அந்த வெல்லப் போளியை இரண்டு விரலால் தூக்கி என் இலையில் போட்டுக்கொண்டு, "இவருக்குச் சர்க்கரைங்க, வெக்காதீங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் எனக்குள் சேர்ந்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"வெளிய திருடித் தின்னது பத்தாதுன்னு இங்க வேற. கண்ணு போனா நான்தான கையப் புடிச்சுக் கூட்டிட்டுத் திரியோணும்?"

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். எதிர்வரிசையில் கைகள் அப்படியே நின்றன. இவருடைய அக்கா சுமதி, எனக்கு நங்கை, கல்யாணப் பெண்ணின் அம்மா, எங்கள் பக்கம் பாயச வாளியோடு வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். சித்தப்பா முறை உள்ள ஒருவர், "என்றா லோகு, அம்பது வயசுல திருட்டுத் தீனியா?" என்று சிரித்தார். இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. சோற்றில் இன்னும் சாம்பார்கூட விழவில்லை. இலையை மெதுவாக மடித்து மூடினார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கை கழுவப் போனார். மண்டபத்துப் படியில் ஒரு முறை கால் தடுமாறியது. படி எங்கே முடிகிறது என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

நான் பின்னால் போகவில்லை. நடுப்பந்தியில் நானும் எழுந்தால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன். அந்த ஒப்புட்டையும் தின்றேன். முழுதாகத் தின்றேன்.

இதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் இதை முதலில் எழுதினேன். அப்படி இல்லை.

*

என் பெயர் தாரணி. கோயம்புத்தூரில் 'அன்னப்பூ சுவையகம்' என்ற நிறுவனத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்த்தேன். நீங்கள் வாங்கும் ரசப் பேஸ்ட், சாம்பார்ப் பேஸ்ட், இட்லி மாவு, பிரெட், சாஸ், எந்தப் பெயரில் வாங்கினாலும் அதற்குள் சேரும் சுவை எங்களைப் போன்ற சில இடங்களில்தான் தயாராகிறது. பாக்கெட்டின் முகம்தான் வேறு வேறு.

சுவை செய்கிற எனக்குச் சமைக்க வராது. கல்யாணமான புதிதில் நங்கை கேட்டார்: "படிச்ச புள்ள, குழம்பு வெக்குமா, இல்ல கம்ப்யூட்டர்ல காட்டுமா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி ரசப் பேஸ்ட்டைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, மேலே கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, என் கை ரசம் என்று வைத்தேன். நங்கை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். இவர்தான் தட்டை நீட்டி, "இன்னொரு கரண்டி ஊத்து, தாரணி. கொஞ்சம் சோறும் போடு" என்றார்.

எங்கள் கொங்குப் பக்கத்து வீடுகளில் சமையலை யாரும் வாயால் மெச்சமாட்டார்கள். மறுசோறு கேட்பார்கள், அதுதான் மெச்சுவது. கேட்காமல் எழுந்துவிட்டால் அன்றைக்கு அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும். இவர் அன்று கேட்டார், மறுநாளும் கேட்டார், அதற்குப் பிறகு இருபத்து இரண்டு வருடம் கேட்டார். அது என் கை ரசம் இல்லை என்று சொல்ல முதல் வாரத்தில் ஒரு நேரம் இருந்தது. அந்த நேரம் போய்விட்டது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் வரதன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்தார். வெள்ளைப் பொடி.

"நக்கிப் பாருங்க."

நாக்கில் வைத்தேன். மாவு மாதிரி இருந்தது. "ஒண்ணும் இல்லையே, சார்."

"சர்க்கரைம்மா அது. ஒவ்வொரு துகளுக்கும் மேல ஒரு உறை. வாய்ல அவிழாது. கொதிச்சாலும் அவிழாது. குடலுக்குப் போய்த்தான் அவிழும்."

"எதுக்கு சார் இப்படி? இனிப்பு வேணும்னா இனிக்கட்டுமே."

"ரசம் இனிச்சா யாரு குடிப்பாங்க? நாக்கு ஒரு அளவுக்கு மேல போதும்னு சொல்லிரும், தாரணி. வயிறு அப்படிச் சொல்லாது. அதுக்கு இனிப்பு வந்தது தெரிஞ்சா இன்னும் கொண்டான்னு சொல்லும். சாப்பிடுறவன் என்ன நெனைப்பான்? சமையல் நல்லா இருக்குன்னு நெனைப்பான்."

"லேபிள்ல என்னன்னு போடுறது?"

"சட்டத்துல இனிப்பூட்டின்னா என்ன? நாக்குல இனிக்கிறது. இது இனிக்குதா?"

"இல்லை."

"அப்புறம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். புத்திசாலித்தனமான ஒரு வேலையில் பங்கு கிடைத்த சிரிப்பு அது. அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அதற்கு 'சுவைச்சீரி' என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு சேர்த்தால் வேலை செய்யும் என்று பார்க்க வேண்டும். சோதனைக்கூடத்தில் நாலு பேரைக் கூட்டி வைத்துக் கேட்டால் எல்லாரும் அழகாகப் பேசுவார்கள், உண்மை வராது. அப்போது நான்தான் சொன்னேன்: "வீட்டுக்குக் கொண்டு போய் வெச்சுப் பார்க்கலாம், சார். யாருகிட்டயும் சொல்லாம. மறுசோறு கேக்கறாங்களான்னு பார்த்தாப் போதும்."

வரதன் சார் மேஜையைத் தட்டினார். "இதுதாம்மா அளவுகோல்!" அன்றிலிருந்து எங்கள் நிறுவனத்தில் அதற்கு 'மறுசோறு எண்' என்றே பெயராகிவிட்டது.

ஆறு பேர் ஆளுக்கொரு பண்டத்தில் சேர்த்துப் பார்க்கக் கலவைகளை வீட்டுக்கு எடுத்துப் போனோம். என் வீட்டில் ரசம். இவர் தட்டை எத்தனை முறை நீட்டினார் என்று சமையலறை நாட்காட்டியின் பின்பக்கம் பென்சிலால் குறித்தேன். ஏழாம் கலவை வைத்த நாளில் மூன்று முறை கேட்டார். ஆறு வீட்டிலும் வேறு எந்தக் கலவைக்கும் அந்த எண் வரவில்லை. ஏழாம் கலவைதான் தேர்வானது. ரசத்தில் தொடங்கி, மூன்று வருடத்தில் தமிழ்நாட்டில் பாக்கெட் பிரிக்கிற எந்த வீட்டிலும் அது இல்லாத வேளை இல்லை என்றாகிவிட்டது.

*

இவருக்கு ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை. லேத் எல்லாம் இப்போது தாமாகவே ஓடுகின்றன. கடைசியில் உருப்படியைக் கையில் எடுத்து, அளந்து, சரி என்று கையெழுத்துப் போட மட்டும் ஒரு மனிதக் கண் வேண்டும் என்று விதி. அந்தக் கண் இவருடையது. ஒரு தலைமுடியைப் பத்தாகப் பிளந்த அளவைப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று அங்கே பெயர்.

போன வைகாசியில் ஒரு நாள், அளவுகோலின் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று சொன்னார். டாக்டர் கமர்ஜஹானிடம் போனோம். எங்கள் மகள் மிருதுளா பிறந்த காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தைப் பார்க்கிறவர். அறிக்கையைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"லோகநாதன், மூணு மாசச் சர்க்கரைச் சராசரி பத்துக்கு மேல இருக்கு. விழித்திரையில கசிவு ஆரம்பிச்சிருச்சு. மாத்திரை ஒழுங்காப் போடுறீங்க. அப்போ என்ன சாப்பிடுறீங்க? எனக்கு நிஜம் சொல்லுங்க."

"வீட்டுச் சாப்பாடுதானுங்க டாக்டர். காப்பிக்குக்கூடச் சர்க்கரை போடறதில்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் ஒரு சிறு தயக்கம் வைத்தேன், இவரை முழுதாக நம்பாத மனைவியின் தயக்கம். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் சந்தேகப்பட இரண்டு பேர் இருந்தோம். நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

டாக்டர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எள் அளவுக்கு ஒரு புள்ளி. "பல்பொட்டு. கடைவாய்ப் பல்லுல ஒட்டிருவேன். சர்க்கரை எப்ப வாய்க்குள்ள போனாலும் போன்ல நேரத்தோட குறிச்சிரும். என்ன சாப்பிட்டீங்கன்னு பக்கத்துல நீங்க எழுதணும்."

"பழைய மாடல்தானுங்களே டாக்டர்?" என்றேன். ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்டேன் என்று அவர் யோசிக்கவில்லை.

"இல்லம்மா, புதுசு. இப்ப ஏதோ உறை போட்ட சர்க்கரை வருதாம், நாக்குக்கே தெரியாதாம். அதையும் கண்டுபிடிச்சிரும். யாரு கண்டுபிடிச்சாங்களோ, புண்ணியவான்."

எந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு கரண்டி ரசத்தில் கால் ஸ்பூன்கூட இல்லை, அதற்கெல்லாம் கண் போகுமா? காலையில் இட்லி மாவு, மதியம் டப்பாவில் சாம்பார், ராத்திரி ரசம், அத்தனையிலும் இருக்கிற கால் ஸ்பூன்களை நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்க்கத் தெரியாதவள் இல்லை நான்.

பொட்டு வைத்த மூன்றாம் நாள், சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னிக்கு ரசம் வேண்டாம், தாரணி. மோர் மட்டும் ஊத்து" என்றார்.

"ஏனுங்க?"

"சும்மாதான்."

மறுநாளும் வேண்டாம் என்றார். நான் கரண்டியை நங்கென்று வைத்தேன். "இருவத்திரண்டு வருசம் இனிச்ச கை இப்பக் கசக்குதாக்கும்" என்று கேட்டேன். அழுகையும் வந்துவிட்டது, நிஜமான அழுகைதான். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார்.

"ஊத்து கண்ணு. போச்சாது, உடு."

அந்த வார இறுதியில், மிருதுளாவும் இருக்கும்போது, அவராகவே சொன்னார்: "கம்பெனி வாசல் பேக்கரியில தெனமும் தேங்கா பன்னு திங்கறேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அப்பா! நீங்களா?" என்று மிருதுளா கத்தினாள். நானும் கத்தினேன். கத்தும்போதே எனக்குள் ஏதோ ஒன்று லேசானது. அப்பாடா, ரசம் இல்லை. என் கணவர் கண்ணை விற்றுப் பன் தின்கிறார் என்று கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி.

அதன்பின் அவரைப் பிடித்துக்கொண்டேன். சட்டைப் பையில் பன் தூள் தேடினேன். அவர் வேலை விட்டு வந்ததும் மிருதுளாவை விட்டு வாயை முகரச் சொன்னேன். ஐம்பது வயது மனிதர், சோபாவில் உட்கார்ந்து, மகளுக்கு வாயைத் திறந்து காட்டினார். "பல்லு வெளக்கிட்டுத்தான் வந்திருப்பாரு, பாரு" என்று நான் சமையலறையிலிருந்து சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றினேன்.

*

பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் பிறகு பத்து நாள் அவர் என்னோடு பேசியதெல்லாம் "சாவி", "தண்ணி", "வரேன்". பதினொன்றாம் நாள் கண்ணில் ஊசி போடப் போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்திருந்ததால் அவரால் எதையும் படிக்க முடியவில்லை. ஒரு நர்ஸ் வந்து, பல்பொட்டுக் குறிப்பை இங்கே உள்ள கணினிக்கு அனுப்ப வேண்டும் என்றார். இவர் போனை என் பக்கம் நீட்டினார், பிறகு அதைப் பின்னுக்கு இழுத்தார்.

"நான் அப்பறம் அனுப்பறேனே."

"உங்களுக்கு எழுத்தே தெரியலீங்களே. குடுங்க."

அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து திறந்தேன்.

காலை 7:40. மதியம் 1:05. இரவு 8:10. அடுத்த நாள் 7:35, 1:00, 8:15. மூன்று மாதமும் அதே வரிசை. மாலை நாலரைக்கு, பேக்கரி நேரத்தில், ஒரு நாள்கூட ஒரு புள்ளி இல்லை. ரசம் வேண்டாம் என்று மோர் மட்டும் ஊற்றிக்கொண்ட அந்த ஒரு நாள் இரவுக் கட்டம் காலியாக இருந்தது. பொள்ளாச்சி மதியமும் காலி. எங்கள் வீட்டு அடுப்படியைத் தவிர வேறு எங்கேயும் என் கணவர் சர்க்கரையைத் தொடவே இல்லை.

பக்கத்தில் அவர் எழுதியிருந்தவற்றைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'தேங்காய் பன்'. இரவு எட்டு மணிக்கும் தேங்காய் பன். காலை ஏழு நாற்பதுக்கும் தேங்காய் பன். முதல் வாரத்து வரிகளுக்குக் கீழே மட்டும் சின்ன எழுத்தில் 'திருத்தப்பட்டது' என்று இருந்தது. தொட்டால் பழையது தெரிந்தது.

'இட்லி.'

'சாம்பார் சாதம்.'

'ரசம்.'

'ரசம், மறுசோறு.'

நான் அழவில்லை. அழுவதற்குக்கூட ஒரு யோக்கியதை வேண்டும் என்று தோன்றியது.

*

திரும்பி வரும்போது தானாக ஓடும் காரை அதன் போக்கில் விட்டு இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஒரு பக்கம் பஞ்சுக் கட்டு. என் முகம் அவருக்குத் தெரியாது என்பதால்தான் என்னால் பேச முடிந்தது.

"பாத்துட்டனுங்க."

அவர் தலையைத் திருப்பவில்லை. "தெரியும். நீ மூச்சு உடற சத்தம் மாறிப் போச்சு."

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"பொட்டு வெச்ச ரெண்டாம் நாளே. சாப்புட்டுக் கை கழுவறதுக்குள்ள போன் சிணுங்குது. என்னடா இது, நம்ம ரசமான்னு இருந்துச்சு. பாக்கெட்டத் திருப்பிப் பாத்தேன். 'சுவைச்சீரி ஏழு'ன்னு போட்டிருந்துச்சு. அந்தப் பேருக்குத்தான உனக்குக் கம்பெனியில சால்வை போத்துனாங்க?"

"பாக்கெட்டா? நீங்க எப்ப பாக்கெட்டப் பாத்தீங்க?"

அவர் முதல்முறையாகச் சிரித்தார். வாயின் ஓரத்தில் மட்டும். "ஏன் புள்ள, நம்ம வீட்ல குப்பை கொட்டறது யாரு?"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கல்யாணமான மாதத்திலிருந்து தினமும் காலையில் குப்பைக் கூடையை எடுத்துப் போவது அவர்தான்.

"மூணாம் மாசமே தெரியும்" என்றார். "நீ பாவம், பேப்பர்ல சுத்திச் சுத்திப் போடுவ. எனக்குச் சிரிப்பா வரும்."

"அப்ப ஏனுங்க ஒரு நாளுங்கூடக் கேக்கல? எதுக்கு மறுசோறு வாங்கித் தின்னீங்க?"

"நான் தட்ட நீட்டுனா உன் மொகத்துல ஒரு வெளிச்சம் வரும். அதுக்குத்தான்."

"ரசம் புடிக்காதா உங்களுக்கு?"

"ரசம் ரசந்தான். அதுல என்ன இருக்குது?"

கார் சிக்னலில் நின்றது. நான் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "ஒரு நாள் மூணு தடவ கேட்டீங்க. பதினோரு வருசம் முன்னால. ஞாபகம் இருக்குதா?"

"மறக்குமா? உங்கம்மா காரியம் முடிஞ்ச மூணாம் நாள். காலையில இருந்து நீ ஒரு வார்த்த பேசல. ரெண்டாவது வாட்டி கேட்டப்பக் கொஞ்சம் சிரிச்ச. செரி, இன்னொருக்கா கேப்போம்னு கேட்டேன். வயிறு வெடிக்கற மாதிரி இருந்துச்சு."

நாட்காட்டியின் பின்பக்கமும் அந்த மூன்று பென்சில் கோடுகளும் என் கண் முன்னால் நின்றன. அந்தக் கோடுகளை நம்பித்தான் ஏழாம் கலவை போனது. எத்தனை லட்சம் அடுப்படிகளுக்குப் போனது! அது கலவையின் பலம் இல்லை. துக்கத்தில் இருந்த மனைவியைச் சிரிக்க வைக்க ஒரு மனிதர் வயிறு முட்டத் தின்றார். நான் அதை அளந்து, எண்ணாக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"கண்ணு போகும்னு தெரிஞ்சும் எதுக்குச் சொல்லல?" என்றேன். குரல் உடைந்தது. "பன்னு திங்கறேன்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"ரசம் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். நீ அழுத. சொன்னா நீ ஒடஞ்சு போயிருவன்னு நெனச்சேன். கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சுக்கலாம்னு நெனச்சேன். நானும் இருவத்திரண்டு வருசம் நடிச்சிருக்கேன் இல்ல? எனக்கும் வெக்கந்தான்." சற்று நிறுத்தினார். "ஆனா ஒண்ணு, தாரணி. இலையில கைய வெச்ச பாரு. அது வலிச்சுது. அத நான் மறக்கமாட்டேன். மறந்துட்டேன்னு பொய்யும் சொல்லமாட்டேன்."

"சொல்லாதீங்க" என்றேன்.

*

மறுநாள் வரதன் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடும்பத்துல நடக்கறத அலுவலகத்துக்குக் கொண்டு வரலாமா, தாரணி? எண் எண்தான்" என்றார்.

"அந்த எண் செல்லாதுங்க, சார். மத்த அஞ்சு வீட்டுலயும் என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. ஆனா அவிழ்ந்தா அது சர்க்கரைன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியும். அன்னிக்கே தெரியும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு வேலை போனது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

உணவு லேபிள்களை அங்கீகரிக்கும் அரசுக் குழுவுக்கு நான் அனுப்ப வேண்டிய படிவத்தில், பழைய சோதனை முடிவைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. கலவை எண்: ஏழு. வீடு: மூன்று, அது என் வீடு. முடிவு: மூன்று முறை. திரும்பப் பெறும் காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் எழுத முடியவில்லை. கடைசியில் எழுதினேன்: 'அன்று அவர் கேட்டது எனக்காக. உணவுக்காக அல்ல.' அதன் கீழே, உறைச் சர்க்கரை என்றால் என்ன, எந்தெந்தப் பாக்கெட்டில் எவ்வளவு, என்று எனக்குத் தெரிந்த அத்தனையையும் எழுதினேன். குழு இன்னும் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது. அது வரைக்கும் பாக்கெட்டில் 'சுவைச்சீரி' என்று பார்த்தால் சர்க்கரை என்று படித்துக்கொள்ளுங்கள். செய்தவள் சொல்கிறேன்.

இன்னொரு இடத்திலும் சொல்ல வேண்டியிருந்தது. ஐப்பசியில் நங்கை வீட்டில் மகளுக்கும் மருமகனுக்கும் விருந்து. பொள்ளாச்சிப் பந்தியில் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். இலை போட்டதும் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"இவரு எதையும் திருடித் திங்கல. நான்தான் தெனமும் ஊத்திக் கொடுத்தேன். பாக்கெட்டுல சர்க்கரையை ஒளிச்சு வெச்சதும் நான்தான். என் கை ரசம்னு நீங்க குடிச்சதும் பாக்கெட்டுதான். இவரு இலையில நான் கைய வெச்சது தப்பு."

அந்தச் சித்தப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை கையில் கரண்டியோடு வந்து, "உக்காரு புள்ள" என்றார். பிறகு என் காதருகே குனிந்தார். "எங்க ஊட்லயும் அதே பாக்கெட்டுதான். யாருகிட்டயும் சொல்லிராத."

அவர் முகம் சிவந்திருந்தது. பெரிய சமையற்காரி என்று பெயரெடுத்தவர்.

*

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், புளி கரைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நானே ஒரு ரசம் வைத்தேன். பூண்டு கருகிவிட்டது. உப்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம் நின்றது. மிருதுளா ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது கஷாயமா?" என்று கேட்டு அடி வாங்கினாள்.

அவருக்கு இடது கண்ணில் பார்வை மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருக்கிறது. வலது கண்ணைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் வேலைக்கு வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள். இவரை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் தன் அளவுகோலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

தட்டில் சோறு போட்டேன். ரசம் ஊற்றினேன். அவர் பிசைந்தார், சாப்பிட்டார். மேஜை மேல் இருந்த போன் சிணுங்கவில்லை. முடிக்கும் வரைக்கும் நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பழக்கம்.

"இன்னைக்காச்சும் நெசம் சொல்லுங்க" என்றேன். "இன்னொரு கரண்டி?"

அவர் நிமிர்ந்து என் முகம் இருக்கும் பக்கம் பார்த்தார். தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்து மறைத்தார்.

"போதும், தாரணி. நல்லா இல்ல."

இருபத்து இரண்டு வருடத்தில் அவர் எனக்குப் போதும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டேன்.